பேத்தி முகம் அம்மா போனின் முகப்பில் தானாக வர எந்த வழி நல்லது?

அம்மாவுக்கு போனில் வரும் அழைப்பை எடுக்கத் தெரியும், வாட்ஸ்அப்பைத் திறந்து வாய்ஸ் மெசேஜ் கேட்கத் தெரியும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று இருப்பவள். குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் எங்கள் வீடு, அதில் இப்போது அவள் மட்டும்தான். அக்கா குவைத்தில் நர்ஸ், அவள் மகளுக்கு வருகிற மாதம் இரண்டு வயது. அண்ணன் ஆழ்கடலுக்குப் போகிறவர். தேங்காப்பட்டணத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ படகு கிளம்பினால் திரும்பிவர ஒரு மாதம், சில நேரம் நாற்பது நாள் கூட ஆகும். எனக்கு நாகர்கோவிலில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. போனைக் கையில் எடுத்தவுடன் பேத்தி முகம் தெரிய வேண்டும். பிள்ளை வளருகிற வேகத்துக்குப் போன வருடத்து முகம் போதாது, இந்த வாரத்து முகம் வேண்டும். "நான் அதைத் தொறக்கணும் இதை அமுக்கணும்னு சொல்லாத மக்கா, தானா வரணும்" என்றாள்.

இதற்கு இன்றைக்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எங்கள் நாலு பேர் போனிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாகிவிட்டது. மகள் வளைகுடாவில், மகன் கடலில், அப்பா மலைப்பக்கம் ரப்பர் தோட்டத்தில் என்று பிரிந்து கிடக்கிற குடும்பங்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனையோ இருப்பதால் பட்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் எல்லோரும் சொல்வது, படம் அனுப்புவதற்கென்றே இருக்கும் விட்ஜெட் ஆப். விட்ஜெட் என்றால் ஆப்பைத் திறக்காமலே போனின் முகப்பில் ஒரு கட்டமாக நின்று காட்டுவது. லாக்கெட் என்பது இந்த வகையில் பெயர் பெற்றது. அமெரிக்காவில் மாட் மாஸ் என்ற மென்பொருள்காரர், தூரத்துக்குப் போகவிருந்த தன் காதலியின் பிறந்தநாளுக்காகச் செய்தது. 2022 தொடக்கத்தில் ஐபோனுக்கு வந்து, பிறகு ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. இரண்டு பேர் போனிலும் ஆப் இருக்க வேண்டும், முகப்பில் விட்ஜெட்டை வைத்துவிட வேண்டும். அங்கே அவர்கள் படம் எடுத்து அனுப்பினால் இங்கே முகப்பில் அந்தப் படம் வந்து உட்காரும். இதே மாதிரி இன்னும் பல ஆப்கள் உண்டு. யோசனை அருமை, சந்தேகமே இல்லை. பார்க்கிறவர் எதையும் தொட வேண்டாம் என்ற அம்மாவின் கட்டளைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. குவைத் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், அக்கா இரவு டியூட்டி முடித்துக் காலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிப் படம் எடுத்தால் இங்கே ஒன்பதரை மணிக்கு, அம்மா காலை வேலையெல்லாம் முடித்து உட்காருகிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும்.

ஆனால் எங்களுக்கு அந்த வகை ஆப் ஒன்று கொடுத்த வேதனையைச் சொல்லத்தான் வேண்டும். பதினோரு நாள் ஒரே படம் நின்றுவிட்டது. பிள்ளை தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருக்கும் படம். அக்கா தினமும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள், அம்மா போனில் பேட்டரி மிச்சம் பிடிக்கும் அமைப்பு அந்த ஆப்பைப் பின்னணியில் ஓடவிடாமல் நிறுத்தியிருக்கிறது, எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அம்மா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் ராத்திரி எனக்கு அழைத்து, "பிள்ளைக்கு காய்ச்சலா? எங்கிட்ட மறைக்கிறியளா? ஒரே படமே கெடக்கு" என்று அழுதாள். படம் வராமல் இருப்பது ஒரு செய்தியாகிவிடுகிறது, அதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. புதுப் படம் வரும் என்று ஒருவரைப் பழக்கிவிட்டால் அது நிற்கும்போது அவர் மனம் எங்கெங்கோ போகும்.

இந்த வகை ஆப் வைப்பவர்கள் அன்றைக்கே போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றிவிடுங்கள், சில போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் போட வேண்டும். இன்னொன்று, அனுப்புகிறவர் தினமும் வேறொரு ஆப்பைத் திறக்க வேண்டும். காதலர்களுக்கும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் அது பாரமே இல்லை. பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வரும் ஒரு நர்ஸுக்கு அது ஒரு வேலை. அக்கா ஒரு மாதத்துக்குள் தளர்ந்துவிட்டாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அனுப்புகிறவர் ஏற்கெனவே எந்த வழியில் படம் அனுப்புகிறாரோ அந்த வழியைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கூகுள் போட்டோஸ். இதில் பெரும்பாலானவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள், நானும்தான். பகிர்ந்த ஆல்பம் ஒன்று உண்டாக்கி எல்லோரையும் சேர்த்துவிட்டால் அந்தப் படங்கள் விட்ஜெட்டில் வரும் என்று நினைத்தேன். அப்படி வராது. கூகுள் போட்டோஸ் விட்ஜெட் எடுப்பது நம் சொந்தக் கணக்கில் இருக்கும் படங்களை: பழைய நினைவுகளைக் காட்டுவது ஒரு வகை, நாம் தேர்ந்தெடுத்த ஆட்களின் முகம் இருக்கும் படங்களை மட்டும் காட்டுவது இன்னொரு வகை. அக்கா பகிர்ந்த ஆல்பத்தில் ஐந்நூறு படம் இருந்தாலும், அதை அம்மா கணக்கில் 'சேவ்' செய்தால்தான் அது அம்மாவின் படமாகக் கணக்கில் வரும். அம்மா அதைச் செய்ய மாட்டாள், நான் ஞாயிறுதோறும் செய்தேன், பிறகு மறந்தேன்.

இதற்கு ஒரு நல்ல மாற்று அதற்குள்ளேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது: பார்ட்னர் ஷேரிங். ஒரே ஒருவருடன் மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். அனுப்புகிறவர், குறிப்பிட்ட முகம் உள்ள படங்களை மட்டும் பகிர் என்று சொல்லிவிடலாம். பெறுகிறவர், வருவதையெல்லாம் தானாக என் கணக்கில் சேமி என்று ஒருமுறை போட்டுவிடலாம். அதன் மேல் அந்த முகத்துக்கான விட்ஜெட்டை முகப்பில் வைத்தால் அங்கே படம் எடுத்தாலே போதும், இங்கே தானாக வந்து சேரும், யாரும் எதையும் அனுப்பவே தேவையில்லை. மார்த்தாண்டத்தில் என் நண்பன் ஒருவன், மனைவியும் குழந்தையும் துபாயில், அவனுக்கு இது அவ்வளவு நன்றாக ஓடுகிறது. கணவன் மனைவிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, இரண்டு பக்கமும் ஓரளவு புது போனும் வீட்டில் வைஃபையும் இருந்தால். ஒருவருக்கு மட்டும் என்பதால் எங்கள் மாதிரி நாலு பேர் குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை. அக்கா ஏற்கெனவே மச்சானுடன் அதை வைத்திருக்கிறாள்.

படம் சேமிக்கும் இடம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 2021 ஜூன் 1-க்கு முன் கணக்கில்லாமல் படம் ஏற்றலாம் என்று இருந்தது, இப்போது இலவசமாக 15 ஜிபி, அதில்தான் ஜிமெயிலும் டிரைவும், 2024-லிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும். சட்டென்று நிறைந்துவிடும்.

நினைவுகள் காட்டும் விட்ஜெட் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மா போனில் அந்த விட்ஜெட்டை வைத்த மறுவாரம், முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் அப்பா உட்கார்ந்திருக்கும் பழைய படம் தானாக முகப்பில் வந்து நின்றது. அம்மா அன்று முழுவதும் போனைக் கீழே வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னாள். நான் பதறிப்போய், இனி வராமல் செய்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் மக்கா, வரட்டு" என்றாள். அதே படம் அக்கா போனில் வந்த அன்று அவளால் டியூட்டிக்குப் போக முடியவில்லை. செட்டிங்ஸில் நினைவுகள் பகுதியில் ஒருவரின் முகத்தையோ குறிப்பிட்ட தேதிகளையோ மறைத்து வைக்க வசதி உண்டு. யார் வீட்டில் சாவு விழுந்திருக்கிறதோ அவர்கள் போனில் இந்த விட்ஜெட்டை வைக்கும் முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் மறைப்பதும் தப்பு, கேட்காமல் காட்டுவதும் தப்பு.

ஐபோன் வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கொஞ்சம் சுருக்கமாகவே சொல்லலாம். 2020-ல் வந்த ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 14-லிருந்து முகப்பில் விட்ஜெட் வைக்க முடிகிறது. ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் பகிர்ந்த ஆல்பத்தில் 5000 படம் வரை போடலாம், 100 பேர் வரை சேர்க்கலாம், நம் ஐகிளவுட் இடத்தை அது தின்னாது, படத்தை மட்டும் கொஞ்சம் சிறிதாக்கி வைத்துக்கொள்ளும். 2022-ல் வந்த ஐஓஎஸ் 16.1-ல் ஆறு பேர் சேர்ந்து ஒரே போட்டோ லைப்ரரியை வைத்துக்கொள்ளும் வசதியும் வந்தது, அதற்கு இடம் கொடுப்பது ஆரம்பித்தவரின் கணக்கு. ஐஓஎஸ் 17.1-லிருந்து லாக் ஸ்கிரீனில் மாறி மாறி வரும் படங்களுக்கு நாம் விரும்பும் ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சார்ஜில் போட்டுப் படுக்கைவாக்கில் நிறுத்தினால் மேசைமேல் வைத்த படச்சட்டம் மாதிரியும் காட்டும். எல்லோரும் ஐபோன் என்றால் வேறெங்கும் அலைய வேண்டாம், அதிலேயே இருந்துவிடுங்கள். ஒருவர் ஐபோன், மூன்று பேர் ஆண்ட்ராய்டு என்ற எங்கள் வீட்டுக்கு அது ஆகவில்லை.

சரி, கடைசியில் அம்மா போனில் நிலைத்தது எது? வாட்ஸ்அப் குரூப்பும் கேலரி விட்ஜெட்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் சரியாக அமைத்தால் இவ்வளவு உறுதியான வழி வேறில்லை என்பது என் முடிவு, ஏனென்றால் படம் போனுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. நெட் போனாலும், ரீசார்ஜ் முடிந்தாலும், அக்கா தூங்கிக்கொண்டிருந்தாலும் படம் முகப்பில் இருக்கும்.

எப்படி அமைத்தேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் எல்லாமே இருக்கிறது. வாட்ஸ்அப் படங்கள் கேலரியில் போய் விழும் ஆல்பத்தை அப்படியே விட்ஜெட்டில் காட்டினால் குட் மார்னிங் பூக்களும், ஊர்த் திருவிழா நோட்டீஸும், யாரோ அனுப்பிய மருந்துச் சீட்டும்தான் முகப்பில் வரும். அதனால் முதலில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதிக்குப் போய் மீடியா விசிபிலிட்டியை அணைத்தேன். இனி எந்தப் படமும் கேலரிக்குப் போகாது. பிறகு படத்துக்கென்றே புதிதாக ஒரு குரூப், நாங்கள் நாலு பேர், அண்ணன் வீட்டு மைனி, குவைத் மச்சான். அந்த ஒரு குரூப்பின் விவரப் பக்கத்தில் மட்டும் மீடியா விசிபிலிட்டியை 'எஸ்' என்று போட்டேன். இப்போது கேலரிக்குள் வருவது இந்தக் குரூப்பின் படங்கள் மட்டும். இந்த மாற்றம் அதற்குப் பிறகு வரும் படங்களுக்குத்தான் பொருந்தும் என்பதால் அதற்கு முன் ஆல்பத்தில் கிடந்த பழைய குப்பையை ஒருமுறை உட்கார்ந்து அழித்தேன், முக்கால் மணி நேரம் ஆனது. குரூப்பில் அட்மின்கள் மட்டும் அனுப்பலாம் என்று வைத்து, படம் அனுப்புகிறவர்களை மட்டும் அட்மின் ஆக்கினேன், அப்போதுதான் பேச்சும் வாழ்த்தும் பழைய குடும்பக் குரூப்பிலேயே இருக்கும், இது சுத்தமாக இருக்கும்.

தானாக டவுன்லோட் ஆகும் பட்டியலில் போட்டோவை மட்டும் டிக் செய்து வீடியோவை எடுத்துவிட்டேன், அம்மா போன் 32 ஜிபிதான். வாட்ஸ்அப் படம் ஒன்று பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும், ஆயிரம் படம் இருந்தாலும் பயமில்லை. படத்தைச் சுருக்கி அனுப்புகிறதே என்று சிலர் தயங்குவார்கள், 2023-லிருந்து எச்டி என்று தேர்ந்தெடுத்து அனுப்பும் வசதி இருக்கிறது, ஆனால் முகப்பில் உள்ளங்கை அகலத்தில் பார்க்க அது தேவையே இல்லை. பெரிதாக்கிச் சுவரில் மாட்டப்போகும் படத்தை மட்டும் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது ஒரிஜினல் அப்படியே வரும். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் படம் போனில் தங்காது, அக்கா பழக்கதோஷத்தில் ஒன்றிரண்டு தடவை அப்படி அனுப்பிவிட்டாள்.

மீதி எளிது. முகப்பில் வெறும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் விட்ஜெட்ஸ் என்று வரும். சில போன்களில் கேலரியின் விட்ஜெட்டிலேயே எந்த ஆல்பம் என்று தேர்ந்தெடுக்கலாம். இல்லாத போனுக்கு, ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதிலுள்ள படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஆப்கள் பிளே ஸ்டோரில் கிடைக்கும். அந்த ஆப் போட்டோவைப் பார்க்க அனுமதி கேட்டால் கொடுங்கள். கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் எல்லாம் கேட்டால் அந்த நிமிடமே அழித்துவிட்டு வேறொன்றைப் பாருங்கள், படம் காட்ட எஸ்எம்எஸ் எதற்கு.

இனி அண்ணன் விஷயம். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதுமே போனில் சிக்னல் போய்விடும், பிறகு முப்பது நாற்பது நாள் அது படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும்தான். நெட்டை நம்பியிருக்கும் எந்த விட்ஜெட்டும் அங்கே உதவாது, கடைசியாகக் கிடைத்த படத்தோடு நின்றுவிடும். கீரிப்பாறைப் பக்கம் தோட்டத்தில் தங்கி வேலை செய்யும் ஒருவரும் இதையே சொன்னார், மலைமேல் சிக்னல் வந்து வந்து போவதால் வாரத்தில் பாதி நாள் விட்ஜெட் வெறும் கட்டமாக நின்றதாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கொடுப்பதற்கு முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, போனையே அணைத்து, திரும்ப ஆன் செய்து பாருங்கள். படம் அப்படியே தெரிந்தால் அந்த வழி கடலுக்கும் மலைக்கும் ஆகும்.

அண்ணன் போனில் தனியாக ஒரு ஃபோல்டர், அதில் நாற்பது படம், முகப்பில் அதற்கு ஒரு விட்ஜெட், லாக் ஸ்கிரீனில் பையன்கள் இரண்டு பேரும் இருக்கும் ஒரே படம் வால்பேப்பராக. வால்பேப்பரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பேட்டரி தின்னாது, நின்றுபோகாது, நடுராத்திரி வலை இழுத்துவிட்டு வந்து மணி பார்க்க போனைத் தட்டினாலே பிள்ளைகள் முகம். அண்ணனுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது.

கடலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். போய்ச் சேராத மெசேஜை வாட்ஸ்அப்காரர்கள் 30 நாள்தான் வைத்திருப்பார்கள், அதற்குள் போன் நெட்டில் வராவிட்டால் அழித்துவிடுவார்கள். நாற்பது நாள் கழித்துக் கரைக்கு வருகிறவருக்கு முதல் பத்து நாள் படங்கள் வராது. அதனால் அண்ணனுக்காக மட்டும் கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்ந்த ஆல்பமும் வைத்திருக்கிறோம், மைனி வாரத்துக்கு ஒருமுறை குரூப்பில் வந்த படங்களை அதில் போட்டுவிடுவாள். ஒரு ஆல்பத்தில் 20,000 வரை கொள்ளும், அவர் எப்போது வந்தாலும் அங்கே இருக்கும். படகு கரையை நெருங்கி சிக்னல் விழுந்ததும் பையன் பல் விழுந்ததும், சைக்கிள் பழகினதும், ஒரு மாதத்து வாழ்க்கை மொத்தமாக வந்து இறங்கும். அப்போது துறைமுகத்துக்கு வரும்வரை படகில் ஒருவரும் பேச மாட்டார்கள், எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அண்ணன் சொல்வார்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்துபோனதிலிருந்து அண்ணன் கடலில் இருக்கும் நாட்களில் அம்மா போனை மடியிலேயே வைத்திருப்பாள். அந்த நாட்களில் முகப்பில் பேத்தி படத்தோடு அண்ணன் படமும் மாறி மாறி வரவேண்டும் என்பதற்காக, அவர் கிளம்பும் அன்று துறைமுகத்தில் எடுக்கும் படத்தையும் குரூப்பில் போடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

யார் கண்ணில் படும் என்பதையும் யோசியுங்கள். லாக் ஸ்கிரீன் எல்லோருக்கும் தெரியும், வடசேரி பஸ் ஸ்டாண்டில் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். முகப்பு, லாக் திறந்த பிறகுதான், ஆனாலும் ரிப்பேருக்குக் கொடுத்தால் கடைக்காரர் பார்ப்பார். பிள்ளை குளிக்கும் படம், அக்கா வார்டில் எடுத்து நோயாளி யாராவது பின்னால் தெரியும் படம், இதெல்லாம் அந்தக் குரூப்புக்கு வரக்கூடாது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வயதில் வீட்டில் பிள்ளை இருந்தால் அவளிடமும் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும், அது அவள் முகம்.

போன ஞாயிறு அம்மா போனில் விட்ஜெட்டை இழுத்துத் திரை அகலத்துக்குப் பெரிதாக்கினேன். மற்ற ஆப்பெல்லாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டன, கீழே போனும் வாட்ஸ்அப்பும் மட்டும். கண்ணாடி போடாமலே முகம் தெரிகிறது என்றாள். அண்ணன் படகு வருகிற புதன்கிழமை கிளம்புகிறது. அதற்குள் அவர் பையன்களின் புதுப் படங்களைப் பொறுக்கி அந்த ஃபோல்டரில் மாற்றி வைக்க வேண்டும், மைனி இன்று ராத்திரி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.